மஞ்சள் ஜாக்கெட்

காலை பத்து மணி. ஹாம் நகரத்துப் பூங்கா.
இரவு வேலை முடிந்து
உடுப்பு மாற்றாமலே வந்திருக்கிறேன்.
மதுஷாவுக்குக் கொடுத்த வாக்கு:
இலையுதிர்கால லீவு முடிவதற்குள் ஒருநாள்.
இன்று கடைசி வெள்ளி.

நிலக்கரி கழுவிய கட்டடத்துக்குக்
கண்ணாடியில் தும்பிக்கை வைத்து
யானையாக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.
அதைத் தாண்டினால்
வண்ணத்துப்பூச்சி வீடு.

முதல் கதவு. பொறுக்க வேண்டும்.
அது சாத்திய பிறகுதான் அடுத்தது திறக்கும்.
நடுவில் ஆறு பேர், ஒரு தள்ளுவண்டி,
யாரோ தின்ற பூண்டின் வாசம்.

உள்ளே கால் வைத்ததும்
மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போச்சு.
எனக்கு மட்டுமில்லை,
கண்ணாடி போட்ட எல்லோரும்
கைகளை முன்னே நீட்டித் தடவித் தடவி நின்றோம்.
சட்டை நுனியில் துடைத்து மாட்டி
ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.
இந்த ஊரில் முன்பின் தெரியாதவரோடு
அவ்வளவு சிரிப்பு வாய்ப்பதில்லை.

சுவரோரம் ஒரு அலமாரி.
கம்பியில் வரிசையாய்க் கூட்டுப்புழுக்கள்,
காய்ந்த இலை மாதிரி, சுருட்டின பீடி மாதிரி,
ஒன்று மட்டும் தங்கமுலாம் பூசினது போல.
கொஸ்டாரிக்காவிலிருந்து
பஞ்சு சுற்றித் தபாலில் வருமாம்.
தபாலில் என்றால்
என் கையைத் தாண்டித்தானே வந்திருக்கும்!
மூன்றாம் பெல்ட், இரவு இரண்டு மணி,
'உயிருள்ளவை, குளிரில் வைக்காதீர்' என்று
சிவப்பில் ஒட்டின பெட்டி
எத்தனை தூக்கியிருப்பேன்.
காதில் வைத்துப் பார்த்ததும் உண்டு.
ஒரு சத்தமும் இல்லை.
யானிக் கத்துவான்:
நிமிடத்துக்கு இருபது பெட்டி,
காது வைக்கச் சம்பளம் இல்லை.

"எத்தனை நாள் இருக்கும் அம்மா?"
பலகையை வாசித்துச் சொன்னேன்,
இரண்டு கிழமை.
விரல்விட்டு எண்ணினாள்.
"அப்ப ஒரு லீவு."
ஓம். ஒரு லீவு.

இறகை விரித்தால் நீலம், மூடினால் மண்.
அந்தப் பெரியதுதான் எல்லோருக்கும் வேணும்.
பூப்போட்ட சட்டைக்காரி ஒருத்தி
கையை நீட்டிக் கல்லாய் நிற்கிறாள்,
புருஷன் கமராவோடு குந்தியிருக்கிறான்.
மதுஷாவும் இரண்டு கையையும் நீட்டி
மூச்சடக்கிக் கன்னம் உப்பி நிற்கிறாள்.
ஒன்றும் வரவில்லை.
அழுகின வாழைப்பழத் தட்டில்
ஆந்தைக்கண் வைத்த கபில நிறத்தார் ஐந்தாறு பேர்
கூழ் குடிக்கிற நிதானத்தில்.

நான் வாங்கில் இருந்தேன்.
வெக்கை. கண் சொருகிற்று.

எழுப்பியது மகளின் குசுகுசுப்பு:
"அம்மா, அசையாதை."
டொச்சிலும் நாலைந்து குரல்: அசையாதீர்கள்.
முதுகுக்குப் பின்னால் கூட்டம்.
கமராச் சத்தம்.
என் முதுகை
இதுவரை யாரும் படம் எடுத்ததில்லை.

கழுத்தடியில் நூல் பட்ட மாதிரி ஏதோ.
சுருள் நாக்கை நீட்டி
வியர்வை குடிக்கிறதாம்.
அங்கே வேலை செய்கிற அன்யா சொன்னாள்,
மஞ்சளைக் கண்டு வந்திருக்கும்,
உப்பைக் கண்டு தங்கியிருக்கும்.

எட்டு மணிநேர உப்பு.
யானிக், இதையும் கணக்கில் எழுது.

மதுஷாவுக்கு வாய் கோணிற்று.
"நீ நித்திரையெல்லே கொண்டனீ.
நானெல்லோ கையை நீட்டினனான்."
என்னிடம் பதில் இல்லை.

வெளிக்கதவுக்கு முன்னால் ஆளுயரக் கண்ணாடி.
'உங்களோடு யாராவது வருகிறார்களா, பாருங்கள்.'
தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தேன்.
பாதி உரிந்த கம்பனிப் பெயர்,
அதன்மேல் அது. மூடின இறகு.
ஒரு மூலை கிழிந்திருந்தது.
அன்யா தூரிகையோடு வந்தாள்.
போகமாட்டேன் என்று
பெயரின் கடைசி எழுத்தை
நாலு காலாலும் பிடித்துக்கொண்டது.

மதுஷா விரலை வைத்தாள்.
ஏறிவிட்டது.
தேரன்று அம்மனுக்குப் பால்செம்பு தூக்கின
அதே நடையில்
வாழைப்பழத் தட்டுவரை கொண்டுபோனாள்.

பஸ்ஸில்
அந்த ஒரு விரலை மட்டும்
எதிலும் படாமல் நிமிர்த்தி வைத்திருந்தாள்.
எட்டிப் பார்த்தேன்: நீலம் ஒன்றுமில்லை,
கொஞ்சம் கபிலத் தூள்.
வீட்டில் கை கழுவச் சொல்ல வேண்டும்.
சாப்பாட்டுக்கு முன் சொல்லலாம்.
இல்லை, கரண்டியால் சாப்பிடட்டும்.